உணவுக்குழாயில் புடைக்கும் நாளங்கள்: நோயை அறிவோம், நோயாளியைப் பராமரிப்போம்



ஈரல் நோய் வந்தால் கண் மஞ்சளாகும், வயிறு வீங்கும், கால் வீங்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே நோயினால் உடம்புக்குள்ளே, உணவுக்குழாயின் அடிப்பகுதியில், இரத்த நாளங்கள் புடைத்துக்கொள்வது பலருக்குத் தெரியாது. அது வலிக்காது. வெளியிலும் தெரியாது. ஆள் சாப்பிடுவார், நடப்பார், மலைக்கு வேலைக்கும் போவார். ஒருநாள் அந்த நாளம் வெடித்து இரத்த வாந்தி வரும்போதுதான் வீட்டிலுள்ளவர்கள் பதறுவார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அந்த நேரத்திலேயே உயிர் போய்விடலாம்.

இதில் மூன்று நல்ல செய்திகளும் உண்டு. நாளம் புடைத்திருப்பதை முன்னமே கண்டுபிடிக்கலாம். வெடிக்காமல் தடுக்க மருந்து இருக்கிறது. வெடித்தாலும், நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றலாம். நேரத்துக்குக் கொண்டுபோவது வீட்டிலுள்ளவர்களின் கையில் இருக்கிறது. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்தது ஊர்காவற்றுறைப் பக்கம். வேலை செய்வது மலையகத்தில். இந்த நோய் விஷயத்தில் தீவுப்பகுதிச் சனத்துக்கும் தோட்டத்துச் சனத்துக்கும் ஒரே கஷ்டம்தான்: பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறது. அங்கே நடுவில் கடல், இங்கே நடுவில் மலைப்பாதை. தீவுக்காரர்கள் அவசரத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில் நமக்கும் ஒரு பாடம் இருப்பதால் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நாளம் ஏன் புடைக்கிறது?

வாயில் போடும் உணவு இரைப்பைக்கு இறங்கும் குழாயே உணவுக்குழாய். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இதைக் களம் என்று எழுதியிருப்பார்கள். நீளம் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர். இதன் உட்சுவரில் மெல்லிய நாளங்கள் ஓடுகின்றன.

நாம் சாப்பிடும் உணவின் சத்து இரத்தத்தில் கலக்கிறது. இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வரும் இரத்தம் நேரே இருதயத்துக்குப் போவதில்லை. முதலில் ஈரல்வாயில் நாளம் என்ற பெரிய நாளத்தின் வழியாக ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதைச் சுத்திகரித்த பிறகே இருதயத்துக்கு அனுப்புகிறது.

மலையில் கான் வெட்டியவர்களுக்கு மீதிக் கதை சுலபமாக விளங்கும். பெரிய கானில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் சும்மா நிற்குமா? பக்கத்திலுள்ள சின்னக் கான்களுக்குள் பாயும். சின்னக் கான் அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. கரை அரித்து ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு போகும். ஈரலிலும் இதுதான் நடக்கிறது. மெதுமெதுவென்று இருக்க வேண்டிய ஈரல் தழும்பு விழுந்து இறுகிப்போனால் இரத்தம் அதற்குள் நுழைய முடியாமல் பின்னுக்குத் தேங்கும். பிறகு உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் உள்ள சின்ன நாளங்கள் வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கும். அந்த நாளங்கள் வீங்கி, முறுக்கேறி, தோல் மெலிந்து நிற்கும். இதுதான் உணவுக்குழாய் நாளப் புடைப்பு.

இந்த அழுத்தம் கையில் பட்டி கட்டிப் பார்க்கும் பிரஷர் அல்ல. அது சரியாக இருந்தாலும் இது கூடியிருக்கலாம். ஈரலுக்கு முன்னும் பின்னும் உள்ள நாளங்களின் அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மில்லிமீற்றர் இரசத்துக்கு உட்பட்டது. அது 10 அளவுக்கு ஏறும்போது நாளங்கள் புடைக்கத் தொடங்கும். 12ஐத் தாண்டினால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

குடிக்கிறவர்களுக்கு மட்டுமா வரும்?

இல்லை. இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வருடக்கணக்கில் சாராயம், கசிப்பு குடித்தால் ஈரல் இறுகும் என்பது உண்மை. தீவுப்பகுதியில் பனங்கள், இங்கே கித்துள் கள் குடிக்கிறவர்கள், "கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, ஒன்றும் செய்யாது" என்று சொல்வார்கள். கள்ளிலும் மதுசாரம் இருக்கிறது. ஈரலுக்கு அது பனையில் வந்ததா, கித்துளில் வந்ததா, போத்தலில் வந்ததா என்று தெரியாது. மொத்தம் எவ்வளவு, எத்தனை வருடம் என்பதுதான் கணக்கு.

ஆனால் ஒரு சொட்டும் குடிக்காதவர்களுக்கும் ஈரல் இறுகலாம். சீனி வருத்தம், அதிக உடல் எடை உள்ளவர்களின் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து, பல வருடங்களில் அது தழும்பாக மாறலாம். பெண்களுக்கும் இது வரும். ஹெப்படைட்டிஸ் பீ, சீ என்னும் கிருமிகளாலும் வரும். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பீ தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ஈரல் நோய் என்றால் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சில பிள்ளைகளுக்கு ஈரல் நல்லாயிருக்கும், ஆனால் ஈரல்வாயில் நாளத்தில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கும். பிறந்த குழந்தையின் தொப்புளில் கிருமி தொற்றினாலும் இப்படி ஆகலாம். மண்ணீரல் பெருத்த ஒரு பிள்ளை இரத்தமாக வாந்தி எடுத்தால் இதை நினைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலைக்கு என்று கண்ட இலைச் சாற்றையும் குடிக்கக் கூடாது. கிலுகிலுப்பை இனத்துச் செடிகள் சிலவற்றில் ஈரலின் சின்ன நாளங்களை அடைக்கும் நச்சு இருக்கிறது. ஏற்கனவே நொந்த ஈரலுக்கு அது மேலும் கேடு.

யாருக்குப் பரிசோதனை வேண்டும்?

ஈரல் இறுகிவிட்டது என்று டொக்டர் சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நாளப் புடைப்பு இருக்கும். ஆகவே அப்படிச் சொல்லப்பட்ட ஒவ்வொருவரும், "உள்ளே கமரா விட்டுப் பார்க்க வேண்டுமா டொக்டர்?" என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். இது எண்டோஸ்கோப்பி எனப்படும். ஆறு மணித்தியாலம் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்பார்கள். விரல் தடிப்பிலுள்ள வளையும் குழாய் ஒன்றை வாய் வழியாக விட்டுப் பார்ப்பார்கள். ஓங்காளம் வரும், கொஞ்சம் சிரமமாக இருக்கும், ஆனால் பத்து நிமிட வேலைதான். வெட்டுவது ஒன்றும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசும் இல்லை.

நாளம் புடைக்கவில்லை என்றால் 2, 3 வருடத்துக்கு ஒரு முறையும், சிறிதாகப் புடைத்திருந்தால் 1, 2 வருடத்துக்கு ஒரு முறையும் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். பெரிதாக இருந்தால் உடனே மருந்து தொடங்குவார்கள், அல்லது நாளத்தைக் கட்டுவார்கள். ஒருநாள் பேரை நினைத்து இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆபத்தின் அடையாளங்கள்

1. இரத்த வாந்தி. சிவப்பாகவும் வரலாம், கட்டி கட்டியாகவும் வரலாம்.
2. கோப்பித் தூள் கரைத்த மாதிரி வாந்தி. இரைப்பையில் கிடந்து கறுத்த இரத்தம்தான் அது.
3. தார் போலக் கறுத்து, ஒட்டிக்கொள்ளும், மிகவும் நாறும் மலம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வாந்தியே இல்லாமல் இது மட்டும் வரலாம்.
4. காரணமில்லாமல் தலைச்சுற்று, குளிர்ந்த வியர்வை, கை கால் சில்லிடுதல், படபடவென்று அடிக்கும் நாடி.

இங்கே சில குழப்பங்கள் வரும். வெற்றிலை போடுகிறவர் சிவப்பாகத் துப்பினால் அது இரத்தம் ஆகாது. பீட்ரூட் சாப்பிட்டாலும் மலம் சிவக்கலாம். இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்துக் குளிசை குடிக்கிற பெண்களுக்கு மலம் கறுப்பாகத்தான் போகும். ஆனால் அது தார் மாதிரி ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. சந்தேகமாக இருந்தால், அதுவும் ஆள் ஈரல் நோயாளியாக இருந்தால், இரத்தம் என்றே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். வீணாகப் போய் வந்த பயணத்தினால் ஒருவரும் சாகமாட்டார்.

"சூட்டினால் இரத்தம் போகுது" என்று இளநீர் கொடுத்து ஒருநாள் பார்ப்பதும், "பித்தம்" என்று கசாயம் கொடுப்பதும், "பழைய அல்சர்தான்" என்று விடியும் வரை காத்திருப்பதும்தான் ஆளைக் கொல்கின்றன. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தமே இருக்கிறது. புடைத்த நாளம் வெடித்தால் அதில் ஒரு லீற்றர், இரண்டு லீற்றர் கொஞ்ச நேரத்தில் போய்விடும். இடையில் இரத்தம் தானாக நின்றாலும் போகத்தான் வேண்டும். நின்றது திரும்ப வரும்.

முதல் ஒரு மணித்தியாலம்: வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஆளை இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்காகப் படுத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய் அடைக்கும். உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் மயங்கி விழுவார்.
2. வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம். தண்ணீர், சாயத்தண்ணி, சோடா, கசாயம் எதுவுமே வேண்டாம். உதடு காய்ந்தால் ஈரத்துணியால் துடைத்து விடுங்கள்.
3. வலிக் குளிசை கொடுக்க வேண்டாம். அஸ்பிரின், டிஸ்பிரின், புரூஃபன், டைக்குளோபினாக் எல்லாம் இரத்தப்போக்கைக் கூட்டும்.
4. கம்பளியால் போர்த்தி உடம்பைச் சூடாக வைத்திருங்கள்.
5. ஒருவர் ஆளோடு இருக்க, இன்னொருவர் வாகனத்துக்கு ஓட வேண்டும். எல்லோரும் காம்பராவுக்குள் கூடி நின்று அழுதால் காற்றும் இல்லை, வழியும் இல்லை.
6. வாந்தி எப்போது தொடங்கியது, எத்தனை தரம், கோப்பைக் கணக்கில் எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தாலும் போதும்.
7. கிளினிக் கொப்பி, குடிக்கிற குளிசைகள், அடையாள அட்டை ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.
8. இரத்தத்தைத் துடைக்கிறவர்கள் கையுறையோ, இல்லாவிட்டால் பொலித்தீன் பையோ கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018இல் வடக்குக்கும் ஊவாவுக்கும் வந்து, அதன் பின் நாடு முழுவதும் பரவியது. அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்கு ஏறும் சந்தி எல்லாவற்றையும் சொல்லுங்கள். "ஈரல் நோயாளி, இரத்த வாந்தி" என்ற வார்த்தைகளையும் மறக்காமல் சொல்லுங்கள். ஒரு பையனை டோர்ச் லைட்டோடு சந்தியில் நிறுத்துங்கள். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதை என்றால் தோட்டத்து வாகனத்தில் மெயின் ரோட்டுக்கு இறக்கி அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

தீவுப்பகுதியிலிருந்து ஒரு பாடம்

யாழ்ப்பாணத் தீவுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு போன்றவை யாழ்ப்பாணப் பட்டினத்தோடு கடலுக்கு மேலே போட்ட வீதியால் இணைந்தவை. வாகனத்திலேயே போகலாம். ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலையும் உண்டு. ஆனால் நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குப் படகு மட்டும்தான். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு 15, 20 நிமிடம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். குறிகட்டுவானில் இறங்கிய பிறகும் யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வீதி இருக்கிறது.

நெடுந்தீவில் ஒருவர் இரவில் இரத்த வாந்தி எடுத்தால் யோசித்துப் பாருங்கள். பயணிகள் படகு அந்த நேரத்தில் ஓடாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பகலிலேயே கடல் கொந்தளிக்கும். அங்குள்ள சனம் என்ன செய்கிறார்கள்? நேரே துறைமுகத்துக்கு ஓடுவதில்லை. முதலில் தீவிலுள்ள பிரதேச வைத்தியசாலைக்குப் போகிறார்கள். அங்கே நாளத்தில் சேலைன் ஏற்றி, ஆளைத் தாங்கக்கூடிய நிலைக்குக் கொண்டு வருவார்கள். அதற்கிடையில் வைத்தியசாலையிலிருந்தே படகுக்கு ஒழுங்கு செய்வார்கள். அவசர நோயாளிகளைக் கடற்படைப் படகில் குறிகட்டுவானுக்குக் கொண்டு வருவதும் உண்டு. அங்கே காத்திருக்கும் அம்புலன்ஸ் ஆளை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று, கிட்டவுள்ள சின்ன ஆஸ்பத்திரியை அற்பமாக நினைக்கக் கூடாது. "அங்கே ஒன்றும் இல்லை, நேரே டவுனுக்குப் போவோம்" என்று இரண்டு மணித்தியாலம் ஓடுவதை விட, கிட்ட நின்று சேலைன் ஏற்றிக்கொண்டு, அம்புலன்ஸில் தாதியோடு போவது பாதுகாப்பு.

இரண்டு, வழியை முன்னமே யோசித்து வைக்க வேண்டும். தீவுக்காரருக்குக் காற்று எப்போது, படகு எப்போது என்பது பாடம். அது போல ஈரல் நோயாளி உள்ள வீட்டில் எந்த வாகனம், யாருடைய நம்பர், மழைக்கு எந்தப் பாதை சரியும், எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு கடதாசியில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

மூன்று, தூரத்தில் இருக்கிறவர்கள்தான் தடுப்பு மருந்தை மற்றவர்களை விட ஒழுங்காகக் குடிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் வீடு இருக்கிறவருக்குக் கிடைக்கிற அவகாசம் நமக்குக் கிடைக்காது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் இரண்டு கையிலும் ஊசி போட்டுச் சேலைன் ஏற்றுவார்கள். தேவையான அளவுக்கு இரத்தம் ஏற்றுவார்கள். "ஏன் டொக்டர் இன்னும் ஏற்றவில்லை?" என்று சண்டை பிடிக்காதீர்கள். அளவுக்கு மேல் இரத்தம் ஏற்றினால் நாளத்தில் அழுத்தம் கூடித் திரும்ப வெடிக்கும். கிருமி தொற்றாமல் அன்டிபயோட்டிக் ஊசியும், அழுத்தத்தைக் குறைக்கும் ஊசியும் போடுவார்கள். ஆள் ஒரு நிலைக்கு வந்ததும், கூடுமானவரை 12 மணித்தியாலத்துக்குள், எண்டோஸ்கோப்பி செய்து வெடித்த நாளத்தைச் சின்ன ரப்பர் வளையத்தால் கட்டிவிடுவார்கள். சில வேளை இரத்தம் நிற்காவிட்டால், பலூன் வைத்த குழாயை மூக்கு அல்லது வாய் வழியாக இறக்கி நாளத்தை அமுக்கி வைப்பார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும், அது ஒரு நாளுக்குள் எடுத்துவிடும் தற்காலிக ஏற்பாடு.

1939இல் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் உணவுக்குழாய் நாளத்துக்குள் மருந்து ஏற்றி அதைச் சுருங்க வைத்தார்கள். 1980, 81இல் பாரிஸ் மருத்துவர்கள், இருதயத்துக்குக் கொடுக்கும் புரொப்பிரனோலோல் குளிசை இரத்தம் திரும்ப வருவதைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். ரப்பர் வளையம் கட்டும் முறை 1980களில் அமெரிக்காவில் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒரு தரம் நாளம் வெடித்தவர்களில் 100க்கு 40 பேர் அளவில் ஆறு வாரத்துக்குள் இறந்தார்கள். இப்போது அது 15 முதல் 20 வரை குறைந்திருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராதவர்களுக்கு இந்த முன்னேற்றத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

வார்ட்டில் உண்மையைச் சொல்லுங்கள். தினமும் குடிக்கிறவர் என்றால் எவ்வளவு, கடைசியாக எப்போது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். குடியைத் திடீரென்று விட்ட இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம். முன்னமே தெரிந்தால் டொக்டர்கள் அதற்கு மருந்து கொடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பராமரிப்பு

இரத்தம் நின்று ஆள் வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அப்போதுதான் வீட்டிலுள்ளவர்களின் வேலை தொடங்குகிறது. தொடர்ந்து மருந்து எடுக்காவிட்டால், 10 பேரில் 6 பேருக்கு ஓரிரு வருடத்துக்குள் திரும்ப இரத்தம் வரும்.

சாப்பாடு: நாளம் கட்டிய முதல் நாள் ஆறிய நீராகாரம். பிறகு ஒரு கிழமைக்குக் குழைந்த கஞ்சி, பிசைந்த சோறு, கரைத்த பருப்பு, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன். கட்டிய வளையம் சில நாளில் தானாக விழும். விழுந்த இடத்தில் புண் இருக்கும். அந்த நாட்களில் முறுகிய தேங்காய் ரொட்டி, முறுக்கு, முள்ளுள்ள மீன் ஆகியவற்றைத் தொடக் கூடாது. கொதிக்கக் கொதிக்கச் சாயத்தண்ணி குடிப்பதும் கூடாது. புண் ஆறிய பின் வழக்கமான சாப்பாட்டுக்கு வரலாம்.

ஈரல் நோயாளிக்கு மீன், முட்டை, பருப்பு ஆகாது என்று சில வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. ஈரல் இறுகியவரின் சதை கரைந்துகொண்டே போகும். அவருக்குப் புரதம் கட்டாயம் வேண்டும். ஆனால் உப்பைக் குறைக்க வேண்டும், முக்கியமாக வயிற்றில் தண்ணீர் உள்ளவர்களுக்கு. கருவாடு, டின் மீன், அச்சாறு, பப்படம் ஆகியவற்றில் உப்பு மிக அதிகம். நீண்ட நேரம் பட்டினி கிடக்கக் கூடாது. இரவு படுக்கப் போகும்போது ஒரு துண்டுப் பாணோ, வாழைப்பழமோ, ஒரு கோப்பைப் பாலோ கொடுங்கள். விடியும் வரை வயிறு காய்ந்தால் உடம்பு தன் சதையையே கரைக்கும்.

குளிசை: புரொப்பிரனோலோல் அல்லது கார்வெடிலோல் என்ற குளிசை கொடுத்திருப்பார்கள். அது நாடியை மெதுவாக்கி, ஈரல்வாயில் நாளத்தின் அழுத்தத்தைக் குறைக்கிறது. காலையில் எழும்ப முன் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் நாடி எண்ணி எழுதி வையுங்கள். 55க்கும் 60க்கும் இடையில் நிற்பது நல்லது. 50க்குக் கீழே போனாலோ, எழும்பும்போது தலை சுற்றினாலோ, இழுப்பு வந்தாலோ டொக்டரிடம் சொல்லுங்கள். முட்டு வருத்தம் உள்ளவர்கள் முன்னமே சொல்ல வேண்டும். "இப்போது சுகம்" என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் ஏறிவிடும்.

காய்ச்சலுக்கும் உடம்பு நோவுக்கும் பனடோல் மட்டும், அதுவும் டொக்டர் சொன்ன அளவில். பொதுவாக ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை நான்குக்கு மேல் வேண்டாம். கடையில் துண்டு துண்டாக வாங்கும் வலிக் குளிசை இந்த நோயாளிக்கு நஞ்சு.

மலம்: மலச்சிக்கல் கூடாது. லக்டுலோஸ் பாணி கொடுத்திருந்தால், ஒரு நாளைக்கு 2, 3 தரம் மிருதுவாகப் போகும் அளவுக்கு அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுங்கள். போகும்போது நிறத்தைப் பார்க்கும் பழக்கம் நோயாளிக்கும் வீட்டுக்காரருக்கும் வர வேண்டும். அதில் வெட்கம் வேண்டாம்.

வேலை: முக்கித் தூக்கும் வேலை கூடாது. கொழுந்துச் சாக்கு, விறகுக் கட்டு, உர மூட்டை தூக்காமல் இருக்க டொக்டரின் கடிதத்தோடு தோட்டத்து டிஸ்பென்சரியிலும் ஆபீசிலும் பேசி இலேசான வேலை கேட்கலாம். கடிதத்தை எப்படிக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள்.

திரும்பக் கட்டுதல்: ஒரு தரம் கட்டினால் போதாது. 2 முதல் 4 கிழமைக்கு ஒரு முறை போய், நாளம் மறையும் வரை கட்ட வேண்டும். திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

மனம் தடுமாறினால்

ஈரல் நச்சைச் சுத்திகரிக்க முடியாதபோது அது மூளையைத் தாக்கும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். பெயரை மறப்பார், சம்பந்தமில்லாமல் பேசுவார். கையை நீட்டச் சொன்னால் பறவை சிறகடிப்பது போல மணிக்கட்டு ஆடும். உள்ளே இரத்தம் கசிந்தாலும், மலம் கட்டினாலும், கிருமி தொற்றினாலும் இது வரும். இதைப் பார்த்து "திரும்பக் குடித்துவிட்டான்" என்று திட்டுவதும், "காத்து, கருப்பு" என்று பூசாரியைக் கூப்பிடுவதும் நடக்கிறது. அது நோய். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தூங்குவதற்கு மருந்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

நயினை அம்மனிடம் போகும்போது

ஆனி மாத உற்சவத்துக்கு நம் தோட்டங்களிலிருந்தும் பஸ் பிடித்து நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகிறார்கள். ஈரல் நோயாளியும் போகலாம், ஆனால் டொக்டரைக் கேட்டுவிட்டு. அண்மையில் இரத்தம் வந்தவரும், நாளம் கட்டி இரண்டு, மூன்று கிழமை ஆகாதவரும் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. போகிறவர்கள் கடும் விரதம் பிடிக்க வேண்டாம். குளிசையும் கிளினிக் கொப்பியும் கைப்பையில் இருக்கட்டும், பஸ்ஸின் மேல் கட்டும் மூட்டையில் வேண்டாம். வழியில் கறுத்த மலம் போனால் "கோயிலுக்குப் போய்விட்டுப் பார்ப்போம்" என்று படகில் ஏறாதீர்கள். நயினாதீவிலும் வைத்தியசாலை உண்டு, ஆனால் நாளம் கட்டும் வசதிக்கு யாழ்ப்பாணம் வரத்தான் வேண்டும். ஆனியில் கடலும் சோளகத்தில் இருக்கும். அம்மன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பாள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

"குடித்துத்தானே தேடிக்கொண்டான், படட்டும்" என்று சொல்கிற மனைவிமாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்ட பாட்டைத் தெரிந்த எவரும் அந்த வார்த்தையைக் குறை சொல்ல முடியாது. விடியக்காலையில் பெரட்டுக்குப் போய், பின்னேரம் வந்து நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுவதும் அவர்கள்தான். ஆகவே இந்தப் பராமரிப்பை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் போடாதீர்கள். மகன் குளிசையைப் பார்க்கட்டும், மகள் நாடியை எழுதட்டும், அண்ணன் தம்பி கிளினிக்குக்குக் கூட்டிப் போகட்டும்.

நோயாளிகளுக்கும் சொல்கிறேன். இனிமேல் விட்டு என்ன பிரயோசனம் என்று நினைக்காதீர்கள். குடியை முற்றாக விட்டவர்களின் ஈரல் ஓரளவு தேறுகிறது, நாளத்தின் அழுத்தமும் குறைகிறது. விட முடியாவிட்டால் அது உங்கள் பலவீனம் மட்டும் அல்ல, அதுவும் ஒரு வருத்தம். ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு.

கதவில் ஒட்டி வைக்க:

1. ஈரல் நோய் உள்ளவர் எல்லோரும் எண்டோஸ்கோப்பி பற்றிக் கேட்க வேண்டும்.
2. இரத்த வாந்தி, கோப்பித் தூள் வாந்தி, தார் போன்ற மலம்: இரவானாலும் மழையானாலும் உடனே புறப்படுங்கள்.
3. இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயால் எதுவும் கொடுக்காதீர்கள்.
4. அம்புலன்ஸ் 1990. கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்கு முதலில்.
5. வலிக் குளிசை வேண்டாம். நாடிக் குளிசையை நிறுத்த வேண்டாம்.
6. கட்டிய நாளத்தைத் திரும்பக் காட்டும் திகதியைத் தவறவிட வேண்டாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். இந்த நோயில் அந்த அணை, ஒரு குளிசையும் ஒரு பரிசோதனையும் முன்னமே பேசி வைத்த ஒரு வாகனமும்தான். உங்கள் லயத்தில் ஈரல் நோயாளி யாராவது இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.